அம்மா எங்கே இருப்பார்? ஐந்து வழிகளை மனநலத்தை வைத்து ஒப்பிட்டபோது

அப்பா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வருடம் திரும்பாததால் அந்தப் பொங்கல் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் விடுமுறை என்பதால் கும்பகோணம் வீட்டில் மூன்று பிள்ளைகளும் கூடினோம். தம்பி ஒரு தாளில் கட்டம் போட்டான். இடதுபுறம் ஐந்து வழிகளை எழுதினான்: சொந்த வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது, எங்கள் மூவர் வீட்டிலும் முறை வைத்து இருப்பது, ஊரிலேயே ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லம், கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பு, சென்னையில் நர்ஸ்கள் இருக்கும் பராமரிப்பு இல்லம். மேலே மாதச் செலவு, ஆஸ்பத்திரி தூரம், சாப்பாடு, பாதுகாப்பு என்று தலைப்புகள். அம்மா சமையலறையில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது என்று மூவருக்கும் தெரியும். அதனால்தான் கூடத்திலேயே உட்கார்ந்து பேசினோம்.

அந்தத் தாளில் அம்மாவின் மனசுக்கு ஒரு கட்டம் இல்லை. அதைச் சேர்த்த பிறகு எங்கள் கணக்கு முழுக்க மாறிப்போனது. அடுத்த ஐந்து மாதத்தில் ஒன்பது இல்லங்களைப் போய்ப் பார்த்தேன். மூன்று மாதம் வீட்டில் ஆள் வைத்தும் பார்த்தோம். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் வைத்தியம், பிறகு முடிவு

அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மூன்று மணிக்கு விழித்துவிடுவார், பிறகு தூக்கம் வராது. கோலம் போடுவதை நிறுத்தியிருந்தார். தட்டில் பாதி மிஞ்சும். கேட்டால் "எதற்கு" என்பார். அடுப்பில் பால் வைத்ததை மறப்பார். வயதாகிவிட்டது, மறதி நோய் தொடங்குகிறது என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். முதியோர் மருத்துவம் படித்த ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனபோது அவர் தைராய்டு, பி12, சோடியம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். காதைப் பரிசோதிக்கச் சொன்னார். பிறகு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய பதினைந்து கேள்விகளைக் கேட்டார். முதியோரின் மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித்தாள் அது, தமிழிலும் இருக்கிறது. மதிப்பெண் ஐந்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அம்மாவுக்கு ஒன்பது.

இந்தியா முழுவதும் 2017-18இல் எடுத்த முதியோர் ஆய்வில், அறுபது வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. தங்களுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்களின் வீடுகளிலும் எங்கள் வீட்டில் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள்: வயதாகிவிட்டது.

மனச்சோர்வு தீராத நிலையில் இருக்குமிடத்தைப் பற்றி முடிவெடுக்காதீர்கள் என்பதை இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான சொல்லாக நினைக்கிறேன். அந்தப் பொங்கல் சமயத்தில் அம்மாவிடம் கேட்டபோது, "எங்கே வேண்டுமானாலும் கொண்டு விடுங்கள்" என்றார். தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அது நோயின் பேச்சு. குறைந்த அளவில் தொடங்கிய மாத்திரை வேலை செய்ய ஆறேழு வாரம் ஆனது. இந்த வகை மருந்துகளில் சில, வயதானவர்களுக்குச் சோடியத்தைக் குறைத்துவிடும் என்பதால் இடையில் இரண்டு முறை ரத்தம் பார்த்தார்கள். காது கேட்கும் கருவி வந்தது. பங்குனி மாதத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது அம்மா, "மெட்ராஸ் வேண்டாம். மாடி வீடு வேண்டாம். காவேரி இருக்கிற ஊராகப் பார்" என்றார். இவ்வளவு நாள் அந்த மூன்று நிபந்தனைகளும் உள்ளே எங்கேயோ அமுங்கிக் கிடந்திருக்கின்றன.

மருத்துவரிடம் போக வழி தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி மையத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம். முதியோருக்கென்றே உள்ள உதவி எண் 14567.

எதை வைத்து ஒப்பிடுவது

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 1976இல் அது வெளியானது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி அடுக்குவது, நண்பர்களை எங்கே சந்திப்பது, எந்த நாளில் படம் பார்ப்பது எல்லாம் உங்கள் முடிவு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவது ஊழியர்கள் வேலை, உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றார்கள். சாப்பாடும் பராமரிப்பும் இரண்டு மாடியிலும் ஒன்றுதான். மூன்றே வாரத்தில் முதலில் சொன்ன மாடியில் இருந்தவர்கள் கூடுதல் உற்சாகத்தோடும் சுறுசுறுப்போடும் இருந்தார்கள்.

அதே 1976இல் வெளியான இன்னோர் ஆய்வில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் வேறோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்களை முதியவர்களிடம் அனுப்பிப் பார்த்தார். எப்போது வருவார்கள் என்று தெரிந்திருந்தவர்கள், திடீர் திடீரென்று வந்து பார்க்கப்பட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவதை நிறுத்தியதும், நன்றாக இருந்தவர்கள்தான் அதிகம் சரிந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அன்போடு தொடங்கி நின்றுபோகும் வருகை, வராமல் இருப்பதைவிடக் கெடுதல் செய்யக்கூடும்.

ஆகவே தம்பியின் தாளில் மூன்று கட்டங்கள் சேர்ந்தன. இந்த வழியில் போனால் எந்தெந்த முடிவுகள் அம்மாவின் கையில் மிஞ்சும்? அம்மாவால் யாருக்கு என்ன உபயோகம் இருக்கும்? யார் எப்போது வருவார்கள் என்று அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

சொந்த வீட்டில், ஆள் வைத்து

கேட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் சொன்னார்கள். நானும் இதுவே சிறந்தது என்று நம்பியிருந்தேன். நாற்பத்தெட்டு வருடம் இருந்த வீடு. வாசலில் கீரைக்காரர் நின்று "அம்மா, இன்றைக்கு முளைக்கீரை" என்பார். இருட்டில்கூடக் கை தானாக சுவிட்சைத் தேடிப் போகும். வேறெந்த இடமும் இதற்கு ஈடாகாது.

ஏஜென்சி மூலம் வந்த பெண்கள் மூன்று மாதத்தில் நான்கு பேர். நல்லவர்கள்தான். மாதம் இருபதாயிரத்துக்கு மேல் நாங்கள் ஏஜென்சிக்குக் கொடுத்ததில் அவர்கள் கைக்கு எவ்வளவு போனது என்பதைப் பிறகு கேட்டு வருத்தப்பட்டேன். மூன்றாவதாக வந்த பெண் மிகுந்த அக்கறையுள்ளவர். "நீங்கள் உட்காருங்கள் பாட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். காபி அவர் போட்டார், விளக்கு அவர் ஏற்றினார், பூ அவர் கட்டினார். நான் ஒரு சனிக்கிழமை போனபோது அம்மா ஊஞ்சலில் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சொந்த வீடு, சொந்த ஊஞ்சல். ஆனால் கனெக்டிகட்டின் இரண்டாவது மாடி.

அடுத்து வந்தவரிடம் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டிக் கொடுத்தேன். "அம்மாவே செய்யும் வேலைகள்: கோலம், முதல் காபி, விளக்கு, அரிசி களைவது, பால் கணக்கு." அந்தத் தாள் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் சரியானது. தீராதது தெரு. நான் சிறுமியாக இருந்தபோது எட்டு வீட்டில் மாமிகள் இருந்த தெருவில் இப்போது மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒன்று லாட்ஜ் ஆகிவிட்டது. ஒரு நாள் அம்மாவிடம் பேசியவர்களை எண்ணிப் பார்த்தேன்: வேலைக்கு வந்த பெண், பால்காரர், தொலைபேசியில் நான். அவ்வளவுதான்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், தெருவில் இன்னும் வந்துபோகும் மனிதர்கள் மூன்று நான்கு பேராவது இருப்பவர்களுக்கு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருவதால், உடம்புக்கு முன்னளவு திண்டாட்டம் இல்லை. பேச்சுத் துணைக்குத் திட்டம் இல்லை. அது தெருவில் இருந்தால் வீடுதான் முதல் இடம். நான் தயங்காமல் சொல்வேன்.

முறை வைத்து

நான்கு மாதம் சென்னை, நான்கு மாதம் கோவை, நான்கு மாதம் பெங்களூரு. இதை நாங்கள் செய்யவில்லை. பெரியம்மாவுக்குச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கடைசி ஆறு வருடம் பெட்டியை முழுக்கப் பிரித்ததே இல்லை. எந்த வீட்டிலும் அவருக்கென்று ஒரு டம்ளர்கூட இல்லை. பிள்ளைகள் பாசத்தில் குறை வைக்கவில்லை, ஆனால் மூன்று வீட்டிலும் அவர் விருந்தாளி. ஒரே பிள்ளை வீட்டில் நிரந்தரமாக, தனக்கென்று ஓர் அறையும் அந்த வீட்டில் தனக்கென்று ஒரு வேலையும் இருந்தால் அது வேறு கதை. அது அமைந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கவே வேண்டியதில்லை. எங்கள் மூவர் வீட்டிலும் காலை எட்டரை மணிக்குமேல் ஆளில்லை. அம்மா வேண்டாம் என்று சொன்ன மாடி வீடும் என்னுடையதுதான்.

முதியோர் குடியிருப்பு

கோயம்புத்தூரைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. தனித்தனி வீடுகள், பொதுச் சமையல்கூடம், நடைபாதை, வாரம் ஒரு பஜனை, கூப்பிட்டால் ஓடிவரும் நர்ஸ். தங்கை வீட்டிலிருந்து இருபது நிமிடம் என்பது பெரிய கவர்ச்சி. நான் பார்த்த இரண்டு இடங்களிலும் தம்பதிகளாக வந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். அறுபத்தைந்து, எழுபது வயதில், இருவரும் நடமாடும்போதே, தாங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அவர்கள். முடிவு முழுக்க அவர்களுடையது என்பதால் அந்த இடம் அவர்களுக்கு ஊராகிவிட்டது.

அம்மாவுக்கு அது பத்து வருடம் முன்னால் எடுத்திருக்க வேண்டிய முடிவு. அப்பா இருந்தபோது அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை. பேசினால் அபசகுனம் என்று நினைத்தோம். இப்போது அங்கே போய் உட்கார்ந்த முதல் மதியமே, பேச்சு முழுக்க எந்தப் பிள்ளை எந்த நாட்டில் என்று ஓடியதில் அம்மா ஒதுங்கிப்போனார். மொழி தமிழ்தான், பழக்கம் வேறு.

இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: நினைவு தப்பினால், படுக்கையில் விழுந்தால் என்ன செய்வார்கள்? அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, காலி செய்யச் சொல்வார்களா? டெபாசிட்டுக்காக ஊர் வீட்டை அவசரமாக விற்காதீர்கள். அம்மாக்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் தீர்ப்பாயத்தின் மூலம் திரும்பப் பெற முடியும். அதற்கு நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பது நல்லது. சாவியும் பத்திரமும் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு இருக்கும் தெம்பு மாத்திரையில் வராது.

பராமரிப்பு இல்லம்

படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மறதி நோய் முற்றியவர்கள், குழாய் வழியே உணவு தேவைப்படுபவர்கள், இவர்களுக்கு வீட்டில் ஒரே ஆளால் முடியாது. இல்லம் வேண்டியிருக்கிறது, இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. அம்மாவுக்கு இது தேவைப்படவில்லை. ஆனாலும் சென்னையில் நான்கு இடங்களைப் பார்த்தேன், நாளைக்கு வேண்டியிருக்கலாம் என்று.

காலை பதினொரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். குளித்து, பவுடர் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். மதியம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஓர் இடத்தில் பதினான்கு பேர் ஒரே தொலைக்காட்சியைப் பார்த்தபடி வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். யாருக்கும் கேட்கும் கருவி போட்டிருக்கவில்லை. எல்லாம் அலுவலக மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன, தொலைந்துவிடக்கூடாது என்று. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து "பாத்ரூம்" என்றார். "டயப்பர் போட்டிருக்கிறதே, பரவாயில்லை தாத்தா" என்றார்கள். அவரால் நடக்க முடியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் யார் அழைத்துப் போவார்கள் என்பது. ராத்திரி எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்ற எண்ணைக் கேளுங்கள். தூக்க மாத்திரை எழுதித் தருவது யார், கடைசியாக எப்போது குறைத்தார்கள் என்று கேளுங்கள். திடீரென்று ஒருவர் பிதற்ற ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "வயதுதானே" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே நாளில் வரும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று பல நேரங்களில் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும்.

நான்காவதாகப் பார்த்த இடம் சின்னது, சுவரில் காரை பெயர்ந்திருந்தது. அங்கே வேலை செய்த ஒரு பெண் படுக்கையில் இருந்த ஒவ்வொருவரையும் ஊர்ப் பெயரால் அழைத்தார். "திருவையாறு அம்மா, திரும்பிப் படுக்கலாமா? இடப்பக்கமா, வலப்பக்கமா?" பேச்சே போய்விட்ட அந்த அம்மா வலது கை விரலை அசைத்தார். நாளைக்கு வேண்டியிருந்தால் எங்கள் பட்டியலில் இருப்பது அந்த இடம்.

ஊரிலேயே முதியோர் இல்லம்

கடைசியில் அம்மா தேர்ந்தெடுத்தது இதை. அங்கே வசதி அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஓர் அறையில் மூன்று பேர், பொதுக் குளியலறை, ஆளுக்கொரு அலமாரி. ஆறரைக்கு ராத்திரிச் சாப்பாடு. அம்மாவுக்கு இன்றும் அது ஒத்துவரவில்லை. ஆனால் காலையில் காய் நறுக்குவது அங்கே இருப்பவர்களின் வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காபிக்குப் பிறகு கண் தெரியாதவர்களுக்குச் செய்தித்தாள் வாசிக்கிறார். அம்மா அங்கே முதல் தடவை போனபோது யாரும் சொல்லாமலே கொத்தவரங்காய்க் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று என் மனத்தை உறுதியாக்கியது. இல்லங்களில் மரணம் அடிக்கடி வரும். முன்பு பார்த்த ஓர் இல்லத்தில் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துப் போய்விடுவார்கள். காலையில் கட்டிலில் புது விரிப்பு இருக்கும், யாரும் பேசக்கூடாது. மற்றவர்கள் பயப்படக்கூடாதாம். அங்கே இருந்த ஒரு பாட்டி என்னிடம், "நாளைக்கு என்னையும் இப்படித்தான் துடைத்துவிடுவார்கள்" என்றார். இந்த ஊர் இல்லத்தில் கூடத்தில் படம் வைத்து விளக்கேற்றுகிறார்கள். தெரிந்தவர்கள் இரண்டு வார்த்தை சொல்கிறார்கள், அழுகிறார்கள். பத்தாம் நாள் ஒரு பாயசம். முதியவர்களின் மனம் தேறுவது மறைப்பதால் இல்லை. இந்த இரண்டு இடத்தையும் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. நீங்கள் பார்க்கப் போகும் இடத்தில், போன தடவை இங்கே ஒருவர் இறந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதிவு பெற்ற இல்லமா என்பதையும் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மாதம் சோதனை என்று பேசிக்கொண்டோம். வீட்டை வாடகைக்கு விடவில்லை. சாவி அம்மாவின் இடுப்பில். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நான் பேசுவேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை தம்பி, மூன்றாவது சனிக்கிழமை நான் அல்லது தங்கை. வாரா வாரம் வருகிறேன் என்று தங்கை சொன்னபோது நான்தான் வேண்டாம் என்றேன். முடிகிறதை மட்டும் சொல்லலாம் என்று ஷுல்ஸின் ஆய்வு எனக்குச் சொல்லியிருந்தது. நாட்காட்டியில் அந்தத் தேதிகளை அம்மாவே வட்டம் போட்டார்.

மூன்றாவது வாரம் அழுதார். "வந்து அழைத்துப் போ" என்றார். முப்பதாம் தேதி வருகிறேன், அன்றைக்கு நீ சொல்வதுதான் என்றேன். அந்த ஒன்பது நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. முப்பதாம் தேதி போனேன். பெட்டி கட்டியிருக்கவில்லை. "ஆவணி வரைக்கும் பார்க்கிறேன்" என்றார்.

ஆவணி போய் அடுத்த ஆவணியும் வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே பதினைந்து கேள்விகளை மருத்துவர் கேட்கிறார்; கடைசியாக வந்த மதிப்பெண் நான்கு. மாதம் ஒரு தடவை அம்மா ஆட்டோவில் வீட்டுக்குப் போய்ப் பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருகிறார். போன ஞாயிறு நான்கு மணிக்குப் பேசியபோது இருபது நிமிடமும் மின்விசிறியைப் பற்றித்தான். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குக் காற்று ஆகாதாம், இவருக்குக் காற்றில்லாமல் ஆகாதாம். மேலாளரிடம் புகார் செய்திருக்கிறார். ஐந்தில் வைக்கலாமா மூன்றில் வைக்கலாமா என்று பஞ்சாயத்து நடந்திருக்கிறது. "மூன்றுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் அம்மா. குரல் கணீரென்று இருந்தது.